இரண்டாவது திரை எங்கிருந்து வந்தது?

பழைய சஞ்சிகைகளின் ஸ்கேன் பக்கங்களைப் பார்த்துத் தட்டச்சுச் செய்யிற வேலைக்கு இரண்டு மொனிட்டர் வைச்ச கொம்பியூட்டர் ஒண்டு எடுப்பம் எண்டு முடிவெடுத்ததும் எங்களுக்குள்ள வாக்குவாதம் தொடங்கீட்டுது. ஒரே அளவில இரண்டு வாங்கினா வடிவாயிருக்கும் எண்டு ஒரு பகுதி. இருக்கிற காசுக்கு ஒரு பெரிய திரை காணும் எண்டு மற்றப் பகுதி. வழக்கம்போல, வரலாற்றைக் கிளறித் தீர்க்கப் பார்த்தோம்.

1981இல் வந்த ஐபிஎம் பீசிக்கு இரண்டு வகைத் திரை அட்டைகள் இருந்தன. எம்டிஏ அட்டையில் 80 எழுத்து அகலத்தில் 25 வரிகள் கூர்மையாகத் தெரியும், ஆனால் படம் வராது. சிஜிஏ அட்டையில் நிறமும் படமும் வரும், எழுத்தோ கரடுமுரடு. இரண்டும் நினைவகத்தில் வேறு வேறு இடத்தைப் பிடித்ததால் ஒரே பெட்டிக்குள் இரண்டையும் செருகி இரண்டு திரை வைக்கலாம். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3இல் கணக்குகளை ஒரு திரையிலும் வரைபடத்தை மற்றதிலும் பார்க்க முடிந்தது. ஆடம்பரத்துக்கு இல்லை. ஒரு திரையால இரண்டு வேலையையும் ஒழுங்காச் செய்ய ஏலாததாலதான் இரண்டாவது வந்தது.

இதில எங்களைப் பிடிச்சு நிறுத்தினது ஹெர்குலிஸ் அட்டையின் கதை. 1982இல் அதை உருவாக்கிய வான் சுவன்னுகுல், தன் ஆய்வேட்டு வேலையைத் தாய்லாந்து எழுத்தில் ஐபிஎம் பீசியில் செய்ய விரும்பியவர். எம்டிஏயின் எழுத்துகள் முன்கூட்டியே பதிக்கப்பட்டவை, அவற்றில் தாய்லாந்து எழுத்து இல்லை. சிஜிஏயில் ஒரு எழுத்துக்கு 8க்கு 8 புள்ளிக் கட்டம். அதுக்குள்ள ஒரு 'ணூ'வை அடக்கிப் பாருங்கோ, அவரின்ர கஷ்டம் விளங்கும். ஹெர்குலிஸ் 720க்கு 348 புள்ளிகளைத் தனித்தனியே ஏற்றி அணைக்க விட்டது. திரை வாங்கேக்க அளவை மட்டும் பார்க்கக்கூடாது, எங்கட எழுத்து அதில எப்பிடி நிக்குது எண்டும் பார்க்க வேணும்.

இரண்டு திரையும் ஒரே மேசைப்பரப்பாகி, எலி ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவியது 1987இன் மாக்கின்டோஷ் II இல். விண்டோஸுக்கு அந்த வசதி விண்டோஸ் 98 வரைக்கும் வரேல்லை. 1999இல் மேட்ரொக்ஸ் ஜி400 ஒரே அட்டையில் இரண்டு திரைக்கு இடம் தந்தது. எண்டாலும் பாரமான குழாய் மொனிட்டர் இரண்டைத் தாங்க நல்ல மேசை வேணுமே. தட்டைத்திரை மலிஞ்ச பிறகுதான் சாதாரண ஆக்களுக்கும் இது சாத்தியமானது.

எங்கட விடை, மாக் குழுவில் இருந்த சிலர் 1986இல் தொடங்கிய ரேடியஸ் நிறுவனத்திட்ட கிடைச்சது. அவர்களின் முதல் மொனிட்டர் முழுத் தாள் ஒன்றைக் காட்ட நெட்டையாய் நின்றது. சஞ்சிகைப் பக்கமும் நெட்டைதானே! ஆக, ஸ்கேனுக்கு நிமிர்த்தி வைக்கக்கூடிய திரை ஒண்டு, தட்டச்சுக்குப் படுத்தபடி மற்றது. ஒரே சோடியாக இருக்கத் தேவையில்லை, அதனால இரண்டாவதைப் பாவிச்சதா வாங்கலாம். தாங்கி சுழலுமோ, கொம்பியூட்டரின் பின்பக்கம் இரண்டு திரைக்கும் துளை இருக்கோ எண்டு முதலே பார்க்க வேணும்.

நெட்டைத் திரை இடப்பக்கமா வலப்பக்கமா எண்ட சண்டை இன்னும் முடியேல்லை.