கறளும் வர்ணமும்

மலைநாட்டின் தலைநகராக விளங்கிய கண்டி மாநகர், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று அதனை நனைக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை அதனினும் மிகுதி. தேயிலைக்கும் மரஞ்செடிகளுக்கும் வரமாக வாய்த்த இவ்வீரம் இரும்புக்கோ தீராப் பகையாகும். கண்டிப் பாதையில் ஓடிய வண்டிகளின் வரலாற்றை நோக்குவோர், அது ஒருவகையில் கறளோடு மனிதன் நடத்திய போரின் வரலாறு என்பதையும் உணர்வர்.

கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் தபால் வண்டி 1832ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. குதிரைகள் இழுத்த அவ்வண்டி பெரும்பாலும் மரத்தாலானது. அடுத்த ஆண்டில் பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே எழுந்த பாலமும் முதிரை மரத்தாலானதே. 205 அடி நீளமுள்ள ஒற்றை வளைவாக அது நின்றது. 1905இல் அதனை அகற்றி இரும்புப் பாலம் அமைத்தனர். அதற்கு முன்னரே, 1867இல், புகையிரதம் கண்டியை அடைந்துவிட்டது. மரத்தின் காலம் போய் இரும்பின் காலம் வந்தது. மழையும் பனியும் மட்டும் மாறவில்லை.

கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட புகையிரத அரும்பொருட்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களை இன்றும் காணலாம். அவற்றின் தகடுகள் தடித்தவை. மேற்பரப்பில் சிறிது கறள் படிந்தாலும் உடனே வலுவிழப்பதில்லை. மோட்டார்க் காரின் நிலை வேறு. அதன் உடல் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டினாலானது.

1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொரிஸ் மைனர் கார் இலங்கையர் உள்ளங்கவர்ந்த வண்டியாகும். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த அவ்வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தகட்டுடலே பாரத்தைத் தாங்கும். பின்சக்கர வில்தகடுகளும் அவ்வுடலிலேயே பொருத்தப்பட்டுள்ளன. ஆகவே அதன் அடித்தகட்டில் கறள் ஏறுவது அழகு குன்றும் செய்தியன்று. கடுகண்ணாவைச் சரிவில் இறங்குவோரின் உயிரைப் பற்றிய செய்தியாகும். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, உள்ள வண்டியைப் பேணிக் காப்பதே பலருக்கும் வழியாயிற்று. 2020இல் மீண்டும் வந்த தடை, 2025 பெப்ரவரியிற்றான் தனியார் கார்களுக்கு நீங்கியது. ஆகவே பழைய வண்டிக்குப் புதுவர்ணம் பூசும் தொழில் இந்நாட்டில் மங்கியதே இல்லை.

புதுவர்ணம் பூசிய சில மாதங்களுக்குள் கொப்புளங்கள் எழுவது ஏன்? இரும்பும் நீரும் ஒட்சிசனும் கூடுமிடத்தில் கறள் பிறக்கிறது. வர்ணப் படலம் கண்ணுக்குத் தடையாகத் தோன்றினும், நீராவியும் ஒட்சிசனும் மெல்ல மெல்ல அதனூடே நுழையக் கூடியவை. அடியில் பழைய கறளோ, வியர்வைக் கையின் உப்போ எஞ்சியிருப்பின் அது ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். கறளோ தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை வேண்டுவது. ஆதலால் வர்ணத்தை உள்ளிருந்து மேலே தள்ளுகிறது. இங்ஙனம் பூசப்பட்ட வர்ணம் நோயைத் தீர்ப்பதில்லை; மறைக்கின்றது.

மருந்தையும் மனிதன் நெடுங்காலமாகத் தேடி வந்துள்ளான். தில்லியின் இரும்புத் தூண் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் நிலைத்ததற்கு, அதன் இரும்பிலுள்ள பொசுபரசினால் மேற்பரப்பில் உண்டான மெல்லிய பொசுபேற்றுப் படலமே காரணமென அறிஞர் கண்டுள்ளனர். 1837இல் பிரான்சு நாட்டுச் சொரெல் இரும்புக்கு நாகமுலாம் பூசும் முறைக்கு உரிமம் பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கொசுலெற்று என்பார், தில்லித் தூணுக்கு இயற்கை அளித்த காப்பைப் போன்றதொன்றைப் பொசுபோரிக்கமிலத்தின் துணையால் இரும்பின்மேல் உண்டாக்கினார். செவ்வீயம் நெடுங்காலம் அடிப்பூச்சாக விளங்கியது. அதன் நஞ்சு அறியப்பட்டபின் கைவிடப்பட்டு வருகிறது. இவையனைத்தும் ஓருண்மையையே கூறுகின்றன: காப்பு இரும்போடு ஒட்டிப் பிணைந்திருத்தல் வேண்டும்.

அவ்வுண்மையை அறிந்த கைவினைஞன், மினுக்கத்தில் அவசரம் காட்டுவதில்லை. பழைய வர்ணத்தையும் கறளையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பைக் காணும்வரை தேய்க்கின்றான். உக்கிய தகட்டைப் பட்டியால் மூடாது வெட்டியெறிந்து, புதுத்தகட்டை ஒட்டவைக்கின்றான். எண்ணெய்ப்பசையும் உப்பும் நீங்கக் கழுவி, முற்றாக உலர்த்துகின்றான். கண்டியின் ஈரக்காற்றிலே துலக்கிய இரும்பு சில மணி நேரத்திற்குள் மீண்டும் செம்மை காட்டும். ஆகவே அன்றைய தினமே அடிப்பூச்சை இடுகின்றான். கதவின் உட்பக்கத்திலும் அடிப்பெட்டிகளிலும் மெழுகு கலந்த எண்ணெயைச் செலுத்துகின்றான். நீர் வடியும் துளைகளை அடைபடாது காக்கின்றான்.

இவ்வேலை எதுவும் பின்னர் வெளியே தெரிவதில்லை. விற்பதற்கென்று மினுக்கிய வண்டியும், ஓட்டுவதற்கென்று செப்பனிட்ட வண்டியும் கராஜிலிருந்து வெளிவரும் நாளில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டு மழைக்காலம் கழிந்த பின்னரே வேற்றுமை புலப்படும். ஆதலின் பழைய வண்டி வாங்குவோர் மேல்வர்ணத்தைக் கண்டு மகிழ்வதோடமையாது, குனிந்து அடித்தகட்டைத் தட்டிப் பார்த்தல் நலமாகும்.