வி.சி.சி.ஜே: பலாலியின் நான்கெழுத்து

பலாலி விமான நிலையத்துக்கு இரண்டு குறியீடுகள் உண்டு. பயணச்சீட்டில் நாம் காண்பது ஜே.ஏ.எஃப். என்ற மூன்றெழுத்து. ஐயாட்டா எனப்படும் விமான நிறுவனங்களின் சங்கம் வழங்குவது அது. விமானிகள் கையாள்வதோ வி.சி.சி.ஜே. என்ற நான்கெழுத்து. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முறைப்படி அமைந்தது இது. முதலிரண்டு எழுத்துகளான வி.சி. இலங்கையைச் சுட்டும். கட்டுநாயக்க வி.சி.பி.ஐ., இரத்மலானை வி.சி.சி.சி. நாட்டின் பெயர் 1972 இல் மாறிய பின்னரும், அந்தச் 'சி' எனக்குச் சிலோனையே நினைவூட்டுகிறது.

கணினியில் விமானம் ஓட்டிப் பழகுவோருக்கு இந்த நான்கெழுத்து நன்கு தெரியும். மைக்ரோசாஃப்டின் 'ஃபிளைட் சிமுலேட்டர்' 1982 இல் வெளிவந்தது. பின்வந்த பதிப்புகளில் குறியீட்டைத் தட்டினால் போதும். விமானம் அந்த ஓடுபாதையில் வந்து நிற்கும். வி.சி.சி.ஜே. இலிருந்து கிளம்பி வி.ஓ.எம்.எம். என்னும் மீனம்பாக்கத்தில் இறங்கலாம். கடவுச்சீட்டும் வேண்டாம், அனுமதிப் பத்திரமும் வேண்டாம்.

அந்த வழித்தடம் வெறும் கற்பனையன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த களம் பலாலி. 1947 டிசம்பர் 10 அன்று எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. காங்கேசன்துறை என அன்று குறிக்கப்பட்டது இந்தப் பலாலிக் களமே. பல விமானத் தரவுத்தளங்களிலும் அப்பெயர் நெடுங்காலம் நிலைத்திருந்தது. வரைபடத்தில் அளந்து பாருங்கள்: பலாலியிலிருந்து சென்னையும் இரத்மலானையும் ஏறக்குறைய ஒரே தூரம், 350 கிலோமீற்றர் அளவில். திருச்சிராப்பள்ளியோ அதில் பாதித் தூரந்தான்.

பிறகு யுத்தம் வந்தது. 1990 இல் பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினார்கள். நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்பு நோக்கிக் கிளம்பிய லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

இவ்வளவு நடந்தும் குறியீடு மாறவில்லை என்பதையே நான் வியப்புடன் நோக்குகிறேன். தரவுத்தளத்துக்கு ஓடுபாதையின் திசையும் நீளமும் தெரியும். அதனருகே யாருடைய கிணறு இருந்தது, யாருடைய தோட்டம் இருந்தது என்பது தெரியாது. புலம்பெயர்ந்த இளைஞன் ஒருவன் திரையில் பலாலியில் இறங்கலாம். அவனுடைய பாட்டனார் வேலிக்கு அப்பால் நின்றுகூடத் தமது காணியைக் காண முடியாத ஆண்டுகள் பல இருந்தன.

2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் பலாலி திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் எயர் விமானம் வந்திறங்கியது. பெருந்தொற்றினால் 2020 இல் நின்ற சேவை, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

புதிய பெயரையும் அதே வி.சி.சி.ஜே. ஏற்றுக்கொண்டது. காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. எனினும் எல்லாக் காணிகளும் உரியவர் கைக்கு வந்துவிடவில்லை. விமானத்தில் வந்திறங்குவோர், சாளரத்தின் வழியே தெரியும் அந்தச் செம்மண்ணையும் சற்று நின்று பார்க்க வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.