கிளிங்கான் எழுத்துக்கு யார் பட்டா தருவாங்க?

கற்பனையா ஒரு மொழியை உருவாக்கலாம். அதுக்கு எழுத்து வரையலாம், ஃபான்ட்டும் செய்யலாம். ஆனா கம்ப்யூட்டர் அதை எழுத்துன்னு ஒத்துக்கணும்னா என்ன வேணும்? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான். நான் எடுத்திருக்கிற கேஸ், ஸ்டார் ட்ரெக் படங்கள்ல வர்ற கிளிங்கான்.

1984இல் வெளியான மூன்றாவது ஸ்டார் ட்ரெக் படத்துக்காக, மார்க் ஒக்ராண்ட் என்ற மொழியியலாளர் கிளிங்கானுக்கு முறையான இலக்கணம் அமைத்தார். முட்சுன் என்ற கலிஃபோர்னியப் பூர்வகுடி மொழியை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். 1985இல் கிளிங்கான் அகராதியும் வந்தது. அதில் சொற்கள் எல்லாமே ஆங்கில எழுத்தில்தான். நடிகர்கள் வசனத்தைப் படிக்கணுமே! பெரிய எழுத்து வந்தா உச்சரிப்பு மாறும்னு அர்த்தம். பெரிய 'டி'ன்னா நாக்கை மடிச்சு, கிட்டத்தட்ட நம்ம 'வண்டி'யில வர்ற மாதிரி சொல்லணும். சின்ன 'க்யூ', பெரிய 'க்யூ' ரெண்டும் தனித்தனி ஒலி.

அப்போ திரையில் தெரிஞ்ச அந்தக் கூர்கூரான எழுத்துகள்? வெறும் அலங்காரம். எந்த வடிவத்துக்கு எந்த ஒலின்னு கணக்கே கிடையாது. பிற்பாடுதான் ரசிகர்கள் நடுவில் 26 எழுத்து, 10 எண்கள்னு ஒரு வரிசை நிலைச்சது. அந்த எழுத்துமுறைக்குப் பேர் பிக்காட்.

இதுக்கு ஃபான்ட் செய்ய ஒரு குறுக்குவழி உண்டு. ஆங்கில எழுத்தின் இடத்தில் கிளிங்கான் வடிவத்தை வெச்சிடறது. 'டி எல் எச்' மூணும் சேர்ந்து ஒரே ஒலிங்கிறதால அதை 'எக்ஸ்' பட்டனுக்குக் கொடுத்தாங்க. 'என் ஜி'க்கு 'எஃப்' பட்டன். பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணவங்களுக்கு இந்த வித்தை புதுசில்ல. கண்ணுக்குத் தெரியறது தமிழ், ஃபைலுக்குள்ள இருக்கிறது ஆங்கிலம். ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா வெறும் குப்பை.

கிளிங்கானை ஆங்கில எழுத்துலயே வெச்சுக்கிட்டாலும் தொல்லைதான். எந்தப் புரோகிராமாவது எல்லாத்தையும் சின்ன எழுத்தா மாத்திட்டா, ரெண்டு 'க்யூ'வும் ஒண்ணாயிடும். சொல்லே மாறிப்போகும். தனி எழுத்துக்குத் தனி எண் வேணும்.

அந்த எண்ணைத் தர்றது யூனிகோடு. 1997இல் மைக்கேல் எவர்சன் பிக்காடைச் சேர்க்கச் சொல்லி முறையான முன்மொழிவு எழுதினார். 2001இல் அது நிராகரிக்கப்பட்டது. கிளிங்கான் எழுதறவங்களே பெரும்பாலும் ஆங்கில எழுத்தைத்தான் பயன்படுத்தறாங்க என்பது முக்கியமான காரணம்.

யூனிகோடில் 'தனிப் பயன்பாட்டுப் பகுதி'ன்னு 6,400 இடங்கள் ஒதுக்கி வெச்சிருக்காங்க. யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம், யாருக்கும் சொந்தமில்ல. புறம்போக்கு நிலம் மாதிரி. அதுக்குள்ள ஒரு மூலையில், எஃப் 8 டி 0 தொடங்கி, பிக்காட் குடிசை போட்டுக்கிச்சு. லினக்ஸ் கெர்னலின் யூனிகோடு ஆவணத்தில்கூட இந்த இடம் கிளிங்கானுக்குன்னு குறிச்சிருக்கு. 2013இல் மைக்ரோசாஃப்ட்டின் பிங் மொழிபெயர்ப்பானும் இதே எண்களைப் பயன்படுத்தியது. ஆனா பட்டா கிடையாது. நாளைக்கு வேற ஒருத்தர் அதே எண்ணுக்கு வேற வடிவம் கொடுத்தா, தட்டிக்கேக்க முடியாது.

இப்போ ஒரு நியாயமான கேள்வி. ஃபோன்ல கீபோர்டும் ஃபான்ட்டும் இல்லாம ஜனங்க எப்படி எழுதுவாங்க? எழுதாம எப்படி எண் கிடைக்கும்? முட்டையா கோழியாங்கிற கதைதானே?

அதே 2001இல் டெசரெட் என்ற எழுத்துமுறை யூனிகோடில் சேர்ந்தது. ஆங்கிலத்தை உச்சரிக்கிறபடியே எழுத, அமெரிக்காவின் யூட்டாவில் மார்மன்கள் 1850களில் உருவாக்கியது. எப்பவோ வழக்கொழிஞ்சது. ஆனா அச்சடிச்ச பாடப் புத்தகங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் விட்டுட்டுப் போயிருந்தது.

அதைவிட அழுத்தமான பதில் ஆப்பிரிக்காவில் இருக்கு. 1989இல் கினி நாட்டில் பாரி சகோதரர்கள்னு ரெண்டு சிறுவர்கள், தங்கள் ஃபுலா மொழிக்கு ஏற்ற எழுத்து இல்லைன்னு தாங்களே ஒண்ணு உருவாக்கினாங்க. இன்னைக்கு அதுக்குப் பேர் ஆட்லம். கம்ப்யூட்டர் வரட்டும்னு அவங்க காத்திருக்கல. அக்கம்பக்கத்தில் சொல்லிக் கொடுத்தாங்க, புத்தகங்களைக் கையாலயே நகல் எடுத்தாங்க. கத்துக்கிட்டவங்க அடுத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. 2016இல் ஆட்லம் யூனிகோடில் சேர்ந்தது.

எங்க துறையில் ஒரு நம்பிக்கை உண்டு: டூல் கொடு, யூசர் தானா வருவாங்க. இந்த வரலாறு அதைத் திருப்பிப் போடுது. ஆட்லம் எழுதினவங்களுக்கு அது இல்லாம முடியல. கிளிங்கான் பேசறவங்களுக்கு ஆங்கில எழுத்தே போதுமா இருந்தது, ஏன்னா அவங்க மொழி பிறந்ததே அந்த எழுத்துலதான். அழகுக்கோ ரசிகர் கூட்டத்துக்கோ யூனிகோடு மார்க் போடல. யாராவது யாருக்காவது இந்த எழுத்துல எழுதினாங்களான்னுதான் கேட்டுச்சு. கறாரான கேள்விதான், ஆனா எனக்கு அது நியாயமாத்தான் படுது.

உங்க நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு ரகசிய எழுத்து இருக்கலாம். ஃபான்ட் சாஃப்ட்வேர் திறக்கிறதுக்கு முன்னாடி, ஃபிரெண்டுக்கு அதுல ஒரு கடிதம் எழுதுங்க. பதில் வருதான்னு பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.