ஸ்வீட் ஆபர்ன்: அட்லாண்டாவின் கறுப்பின வணிகத் தெரு

ஸ்வீட் ஆபர்ன் என்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில், ஆபர்ன் அவென்யூவை ஒட்டி, 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கறுப்பினத்தவரின் சொந்தத் தொழில்களால் செழித்த பகுதி. சமூகத் தலைவர் ஜான் வெஸ்லி டாப்ஸ் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். உலகிலேயே பணக்காரக் கறுப்பினத் தெரு என்று 1956இல் ஃபார்ச்சூன் இதழ் அதை வருணித்தது. தெருவைப் பற்றி எழுதுவோர் இந்தப் புகழுரையை எடுத்தாளத் தவறுவதில்லை. ஆனால் அங்கே புரண்ட பணத்தை மட்டும் எண்ணினால் தெருவின் பெருமை பாதிக்குமேல் கண்ணில் படாது. அங்கிருந்த இன்சூரன்ஸ் கம்பெனி, வங்கி, வானொலி நிலையம், பத்திரிகை அலுவலகம் எல்லாம், வெள்ளை முதலாளியால் பறிக்க முடியாத பிழைப்பைச் சிலருக்குத் தந்தன. அந்தச் சிலரின் துணிச்சலில்தான் மற்றவர்களின் உரிமைப் போராட்டம் பல வேளைகளில் காலூன்றி நின்றது.

அலான்சோ ஹெர்ன்டனின் வாழ்க்கை இதற்கு முதல் சான்று. 1858இல் அடிமையாகப் பிறந்த அவர், முடிதிருத்தும் தொழில் கற்று, பீச்ட்ரீ தெருவில் சரவிளக்குகள் தொங்கும் ஆடம்பரக் கடை நடத்தினார். வேலை செய்தவர்கள் கறுப்பினத்தவர். நாற்காலியில் அமர்ந்தவர்கள் வெள்ளையர் மட்டுமே. அந்த வருமானத்தில் அவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிகள் கறுப்பினத்தவரைத் தீண்டத் தயங்கின. அதே பிரீமியம் கட்டிய கறுப்பினத்தவருக்கு காப்புத்தொகையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தே தருவது என்று புருடென்ஷியல் கம்பெனி 1881இல் முடிவெடுத்தது. அவர்கள் இன்சூரன்ஸுக்கே தகாதவர்கள் என்று அதன் புள்ளியியலாளர் ஃபிரெடரிக் ஹாஃப்மன் 1896இல் நூலே எழுதினார். சாவுச் செலவுக்கும் நோய்க்கும் ஏழைகள் நம்பியிருந்தவை சர்ச்சுகள் நடத்திய உதவிச் சங்கங்கள். 1905இல் ஜார்ஜியா அரசு ஒவ்வொரு சங்கமும் 5,000 டாலர் வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. கட்ட வழியில்லாத ஒரு சங்கத்தை ஹெர்ன்டன் 140 டாலருக்கு வாங்கி, வைப்புத்தொகையைத் தானே கட்டினார். அட்லாண்டா லைஃப் அப்படிப் பிறந்தது. முகவர்கள் வாராவாரம் வீடுவீடாகப் போய்ச் சில சென்ட்டுகளை வசூலித்து, அட்டையில் குறித்துக் கொடுத்தார்கள். துணி வெளுப்பவர்களும் சமையல் வேலைக்குப் போகும் பெண்களும் கட்டிய அந்தச் சில்லறைதான் கம்பெனியின் முதல். அதே 1905இல் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் முதலானோர் சம உரிமை கேட்டுத் தொடங்கிய நயாகரா இயக்கத்தின் முதல் கூட்டத்திலும் ஹெர்ன்டன் கலந்துகொண்டார்.

1906 செப்டம்பர் 22 அன்று வெள்ளையர் கும்பல்கள் அட்லாண்டாவின் கறுப்பினத்தவர்மீது பாய்ந்தன. குறைந்தது 25 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர். ஹெர்ன்டனின் கடையும் தாக்கப்பட்டது. நகர நடுவில் வெள்ளையரோடு கலந்து தொழில் செய்துவந்த பலர் அதன்பின் ஆபர்ன் அவென்யூவுக்கு இடம்பெயர்ந்தனர். 1921இல் ஹீமன் பெர்ரி தொடங்கிய சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி, மற்ற வங்கிகள் திருப்பி அனுப்பியவர்களுக்கு வீட்டுக் கடன் தந்தது. 1928இல் அட்லாண்டா வேர்ல்டு பத்திரிகை தோன்றி, சில ஆண்டுகளில் அட்லாண்டா டெய்லி வேர்ல்டு என்ற நாளிதழாகியது. 1949இல் ஜெசி பிளேட்டன் வாங்கிய டபிள்யூஇஆர்டி, நாட்டிலேயே கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் வானொலி நிலையம். மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்க அலுவலகம் அதே கட்டடத்தில், நிலையத்துக்குக் கீழ்த்தளத்தில் இருந்தது. கிங் துடைப்பக் கட்டையால் அறையின் உட்கூரையைத் தட்டினால், மேலிருந்து ஜன்னல் வழியாக மைக் இறங்கி வருமாம். அவர் இருந்த இடத்திலிருந்தே மக்களிடம் பேசுவாராம். அந்த வசதியைத் தர உரிமையாளர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிறரிடம் சம்பளம் வாங்கியவர்களின் நிலை வேறு. பக்கத்து மாநிலமான தென் கரோலினா, என்ஏஏசிபி என்ற உரிமைச் சங்கத்தின் உறுப்பினர்கள் அரசு வேலையில் இருக்கக் கூடாது என்று 1956இல் சட்டமே இயற்றியது. ஓர் ஆசிரியரின் வாயை வேலைநீக்கக் கடிதம் ஒன்றால் அடைத்துவிடலாம். கறுப்பின வாடிக்கையாளர்களை மட்டுமே நம்பிய சாப்பாட்டுக் கடைக்காரரை அப்படி அடக்க முடியாது. நகரின் மேற்கே பாஸ்கல் சகோதரர்கள் 1947இல் தொடங்கிய உணவகம், பொரித்த கோழிக்குப் பேர்போனது. போராட்டத் தலைவர்கள் கூடித் திட்டமிட்டதும், மறியலில் கைதாகிச் சிறையிலிருந்து வந்த மாணவர்களுக்குக் காசு வாங்காமல் சோறு போட்டதும் அங்கேதான்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒரு கறுப்பின அறிஞரிடமிருந்தே வந்தது. சமூகவியலாளர் இ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர், கறுப்பின வணிகத்தின் பெருமை வெறும் கட்டுக்கதை என்றார்: நாட்டின் பொருளாதாரத்தில் அதன் பங்கு அற்பம், பயன் ஒரு சிறு வகுப்புக்கே. கணக்கைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. சொந்தத் தொழில் இருந்துவிட்டால் துணிவு தானாக வந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 1960இல் மாணவர்கள் உணவகங்களில் மறியலில் இறங்கியபோது, அட்லாண்டா டெய்லி வேர்ல்டு அவர்களை ஆதரிக்கவில்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு, அட்லாண்டா லைஃபில் பணியாற்றிய ஜெசி ஹில் உள்ளிட்டோர் மாணவர்களோடு சேர்ந்து அட்லாண்டா இன்க்வயரர் என்ற போட்டிப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். ஒரு கடை பின்வாங்கினால் இன்னொன்று முன்வர, தெருவில் பல கடைகள் இருக்க வேண்டும். ஃபிரேசியர் பங்குவிகிதத்தை அளந்தார். இந்தப் பன்மை அந்த அளவுகோலில் சிக்காதது.

இரண்டாவது மறுப்பு: இனப்பிரிவினை தந்த கட்டாய வாடிக்கையில் வளர்ந்த தெரு, பிரிவினை ஒழிந்ததும் இயல்பாகத் தேய்ந்தது, இதில் வருந்த என்ன இருக்கிறது? வாடிக்கையாளர்கள் விருப்பப்படி வேறு கடைக்குப் போனது விடுதலையின் பயன்தான். அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் தேய்வு முழுவதையும் அதன் தலையில் கட்ட முடியாது. பிரிவினை சட்டப்படி ஒழிவதற்கு முன்பே நெடுஞ்சாலைத் திட்டம் வந்துவிட்டது. நகர நடுவே போகும் டவுன்டவுன் கனெக்டர் ஆபர்ன் அவென்யூவைக் குறுக்கே வெட்டியது. வீடுகள் இடிக்கப்பட்டன, நடந்துவந்து வாங்கிய வாடிக்கையாளர்கள் சிதறினார்கள். தெரு 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு கட்டடங்களுக்கு மரியாதை தந்ததே தவிர, கடைகளுக்கு வாடிக்கையைத் திருப்பித் தரவில்லை. 2008 சூறாவளியில் சேதமான ஹெர்ன்டன் கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. சிட்டிசன்ஸ் டிரஸ்ட் மட்டும் இன்றும் நகரில் வங்கித் தொழில் நடத்துகிறது.

கறுப்பினத் தொழில்களை இனம் பார்த்து ஆதரிப்பதும் பாகுபாடுதானே, அதனால் தரம் கெடாதா என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு அட்லாண்டாவே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1973இல் நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேனார்ட் ஜாக்சன், ஜான் வெஸ்லி டாப்ஸின் பேரன். அவர் பதவியேற்றபோது நகராட்சி ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குக் கிடைத்தது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. நகர மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பினத்தவராக இருந்தும் கதவு மூடியே கிடந்தது என்றால், அதற்குமுன் நடந்ததுதான் இனம் பார்த்த ஆதரவு. புதிய விமான நிலைய முனையத்தின் வேலைகளில் கால்பங்கு சிறுபான்மை நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று ஜாக்சன் பிடிவாதமாக நின்றார். நகரின் பெரும் வணிகர்கள் எதிர்த்தார்கள். வேலை இழுபடும், செலவு எகிறும் என்றார்கள். முனையம் 1980இல், குறித்த காலத்தில், ஒதுக்கிய தொகைக்குள் திறக்கப்பட்டது.