கோடு உணர்த்தும் பொருள்: கணு வரைபு வளர்ந்த வரலாறு

இரண்டு பெட்டிகளை வரைந்து அவற்றை ஒரு கோட்டினால் இணைப்போமாயின் அக்கோடு எதனை உணர்த்துகின்றது? சிறுபிள்ளையும் கேட்கத்தக்க வினா இது. ஆயினும், இதற்குத் தக்க விடையொன்று கிடைப்பதற்குக் கணினித்துறை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்விடை தோன்றிய வரலாற்றையும், அதனால் விளைந்த பயனையும், அதன் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று திரைப்படக் காட்சிகளைத் தொகுப்போரும், இசை அமைப்போரும், அளவீட்டுக் கருவிகளை இயக்கும் பொறியியலாளரும் கையாளும் மென்பொருள்கள் பலவற்றிற் செய்நிரல் எழுதப்படுவதில்லை, வரையப்படுகின்றது. திரையிலே சிறு பெட்டிகள் தோன்றும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தொழிலைச் செய்யும். பெட்டியின் ஒரு புறத்தில் உள்ளீட்டு வாயில்களும் மறுபுறத்தில் வெளியீட்டு வாயில்களும் அமைந்திருக்கும். ஒன்றன் வெளியீட்டிலிருந்து மற்றொன்றன் உள்ளீட்டுக்குக் கோடு இழுத்துவிட்டால் இரண்டும் இணைந்து தொழிற்படும். இப்பெட்டியைக் கணு என்றும், கணுக்களும் கோடுகளும் சேர்ந்த அமைப்பைக் கணு வரைபு என்றும் ஈண்டு வழங்குவாம். கணித பாடத்தில் அச்சுக்கள் இரண்டினை நிறுத்தி வரையும் வரைபு வேறு, இது வேறு.

வேலையைப் படமாக வரையும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. பிராங் கில்பிறெத், லிலியன் கில்பிறெத் என்னும் தம்பதியர், தொழிற்சாலை வேலையின் படிகளைக் குறிகளாலும் கோடுகளாலும் காட்டும் முறையை 1921ஆம் ஆண்டில் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தனர். ஒரு படி முடிந்தபின் அடுத்த படி யாது என்பதையே அவர்தம் கோடு உணர்த்தியது.

1946ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் பெருங்கணினி உலகுக்கு அறிமுகமாயிற்று. ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அப்பொறிக்குச் செய்நிரல் எழுதப்படவில்லை. கம்பிகளைச் செருகியும் ஆளிகளைத் திருப்பியுமே அது புதிய கணக்குக்கு ஆயத்தம் செய்யப்பட்டது. அதன் கம்பிகள் இருவகைப்பட்டன என்பது நாம் உற்று நோக்கற்பாலது. ஒருவகைக் கம்பிகள் எண்களைச் சுமந்து சென்றன. மற்றொருவகைக் கம்பிகள், “இனி நீ தொழிலைத் தொடங்கு” என்னும் ஏவற் றுடிப்புக்களைச் சுமந்து சென்றன. பொருளைக் கொண்டு செல்லும் கோடு, ஏவலைக் கொண்டு செல்லும் கோடு என்னும் வேறுபாடு அவ்வியந்திரத்தின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருந்தது எனலாம்.

பின்னர்ச் செய்நிரலைக் கணினியின் நினைவகத்திலேயே வைக்கும் முறை வந்தது, கம்பிகள் மறைந்தன. 1947ஆம் ஆண்டில் ஹேர்மன் கோல்ட்ஸ்ரைன், ஜோன் வொன் நியூமன் ஆகிய இருவரும் கணக்குகளைக் கணினிக்கேற்ப வகுக்கும் முறைபற்றி எழுதிய அறிக்கையில், நாம் இன்று பாய்ச்சற் கோட்டுப்படம் என வழங்கும் படத்தைக் கையாண்டனர். அப்படத்திலே கோடு ஏவலையே உணர்த்தியது. இதனைச் செய்தபின் அதனைச் செய்க என்பதே அதன் பொருள். எண்கள் எங்கிருந்து எங்கே செல்கின்றன என்பதைக் கோடு சொல்லவில்லை. பெட்டிக்குள் எழுதப்பட்டவற்றைப் படித்தே அதனை அறிதல் வேண்டும். ஆகவே எனியாக்கில் இருந்த இருவகைக் கோடுகளுள் ஒன்று படத்தில் நிலைத்தது, மற்றொன்று மறைந்தது.

மறைந்த கோட்டினை மீட்டுத் தந்தவர் ஒருவரைப் பற்றி ஈண்டு விரித்துரைத்தல் தகும். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லண்ட் என்பார் 1963ஆம் ஆண்டில் ஸ்கெச்பாட் என்னும் மென்பொருளைத் தம் கலாநிதிப் பட்டத்திற்காகப் படைத்தார். லிங்கன் ஆய்வுகூடத்து ரி.எக்ஸ்-2 கணினியின் திரையில், ஒளிப்பேனா கொண்டு நேரே படம் வரைய அது வழிசெய்தது. கணினி வரைகலையின் தந்தை என இன்றும் அவரைப் போற்றுவர். அவருக்கு ஒரு தமையனார் இருந்தார். வில்லியம் சதர்லண்ட் என்பது அவர் பெயர். பேர்ட் என்றே அவரை அழைப்பர். அவரும் அதே நிறுவகத்தில், அதே கணினியைப் பயன்படுத்தி, 1966ஆம் ஆண்டில் தம் ஆய்வுரையை நிறைவு செய்தார். தம்பி படத்தைக் கணினிக்குள் கொண்டு வந்தார். தமையனோ அப்படத்தையே செய்நிரலாக்கினார். அவர் வரைந்த படத்திலே கோடு ஏவலைச் சுமக்கவில்லை, தரவினைச் சுமந்தது. கணு வரைபு மென்பொருள்கள் பலவற்றுக்கும் முன்னோடி இவ்வாய்வே எனக் கருதப்படுகின்றது. தம்பியின் புகழ் உலகறிந்தது. 2020ஆம் ஆண்டில் மறைந்த தமையனின் பெயரை இத்துறையில் உழைப்போரும் பலர் அறியார்.

கோட்டின் பொருள் மாறியதனால் விளைந்தது யாது? எளிய எடுத்துக்காட்டொன்றால் விளக்குவாம். 7, 3 என்னும் இரு எண்களின் கூட்டுத்தொகையை அவற்றின் வித்தியாசத்தாற் பெருக்க வேண்டும் எனக் கொள்வோம். பாய்ச்சற் கோட்டுப்படம் வரைவோன், முதலிற் கூட்டுவதா கழிப்பதா என்று முடிவு செய்தே தீரவேண்டும். அவன் கோடு வரிசையைக் கேட்கின்றது. கணு வரைபு வரைவோனுக்கு அக்கவலை இல்லை. இரு எண்களிலிருந்தும் கோடுகள் கூட்டற் கணுவுக்கும் கழித்தற் கணுவுக்கும் செல்லும். அவற்றின் விடைகளாகிய 10, 4 ஆகியன பெருக்கற் கணுவை அடையும். 40 என்னும் விடை வெளிவரும். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நில்லா. எது முந்தினும் குற்றமில்லை; இரண்டும் ஒருங்கே நிகழினும் நன்றே. தேவையிலிருந்து வரிசை தானே பிறக்கின்றது.

இவ்வரிசையைக் கணினி காணும் வழியை ஆதர் கான் என்பார் 1962ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். பெருந்திட்டங்களின் வேலைகளை ஒழுங்குபடுத்துவதே அவர் கருதிய பயன். உள்ளே வரும் கோடு ஒன்றுமில்லாத கணுவை முதலில் எடுத்துவிடுக, அதிலிருந்து புறப்படும் கோடுகளை நீக்குக, இப்போது உள்வரும் கோடில்லாமற் போன கணுவை அடுத்து எடுத்துக்கொள்க, இவ்வாறே தொடர்க. இறுதியிற் சில கணுக்கள் எடுக்க முடியாமல் எஞ்சுமாயின், அவற்றிடையே கோடுகள் வட்டமாகச் சுழல்கின்றன என்பது தெளிவு. மேலும், 3 என்னும் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த கணுக்களை மாத்திரம் மீளக் கணித்தாற் போதும்; ஏனையவற்றைத் தொட வேண்டுவதில்லை. இன்றைய கணு வரைபு மென்பொருளை வடிவமைப்போர் கைக்கொள்ளும் அடிப்படைகள் இவையே.

எனினும், பேர்ட் சதர்லண்டின் விடை உடனே வெற்றி பெறவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் ரான்ட் நிறுவனத்தார் கிறெயில் என்னும் அமைப்பை ஆக்கினர். பலகையொன்றில் எழுதுகோலால் வரைந்த பெட்டிகளையும் எழுத்துக்களையும் கணினி தானே இனங்கண்டு திருத்தமாக்கியது. கருவி வியத்தகு கருவியே. ஆயின் அதன் கோடு பழைய ஏவற்கோடே.

தரவுக் கோடு தழைத்தது எண்பதுகளிலேயாம். 1984ஆம் ஆண்டில் றொபேட் குக் என்பார், பொருள்களின் மேற்பரப்பு ஒளியையும் நிறத்தையும் சிறு சிறு கணுக்களை மரம்போல் இணைத்துக் கணிக்கும் முறையை வெளியிட்டார். 1986ஆம் ஆண்டில் ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரிலிருந்து லாப்வியூ என்னும் மென்பொருள் வெளிவந்தது. அதே பத்தாண்டில் பாரிஸ் நகரத்து இர்க்காம் இசையாய்வு நிலையத்தில் மில்லர் பக்கற் என்பார் மாக்ஸ் என்னும் மென்பொருளை ஆக்கினார். கணினி இசையின் முன்னோடியான மாக்ஸ் மத்யூஸ் நினைவாகவே அப்பெயர் இடப்பட்டது. பின்னர் 2006இல் பிளெண்டர் என்னும் மென்பொருளும், 2014இல் அன்ரியல் என்னும் விளையாட்டுப் பொறியின் நான்காம் பதிப்பும் கணு வரைபைப் பல்லாயிரவர் கைக்குக் கொண்டு சேர்த்தன. இவற்றுட் பின்னையது தரவுக் கோட்டையும் ஏவற்கோட்டையும் வேறு வேறாக ஒரே படத்தில் வரைய விடுகின்றது. எனியாக்கின் இருவகைக் கம்பிகளும் இவ்வாறு மீண்டும் ஒன்றுகூடின.

எண்பதுகளின் வெற்றிக்குக் காரணம் யாது? மின் பொறியியலாளர் முன்னரே கம்பிகளாற் கருவிகளை இணைத்துப் பழகியவர். மின்னிசைக் கருவியை இயக்கியோர் ஒலிப்பகுதிகளை வடங்களாற் பிணைத்துப் பழகியவர். அவர்தம் தொழிலிலே ஓட்டம் ஏற்கெனவே இருந்தது. கணு வரைபு அதனைத் திரையிற் காட்டியது. படம் அவர்களுக்குச் சிந்தனையை மிச்சப்படுத்தவில்லை. அவர்கள் முன்னரே சிந்தித்த வண்ணத்தைப் பிரதிபலித்தது.

இவ்வுண்மையை மறந்து, படம் வந்துவிட்டது, இனி எவரும் எளிதிற் செய்நிரல் ஆக்கலாம் என்று பறைசாற்றியோரும் உளர். அவர்களை மறுத்தார் பிறெட் புறூக்ஸ் என்னும் பேரறிஞர். 1987ஆம் ஆண்டில் அச்சேறிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், மென்பொருள் இயல்பாகவே இடத்தில் அடங்காத பொருள் என்றும், ஆகவே படம் அதனை முற்றாகக் காட்டமாட்டாது என்றும் அவர் வாதித்தார். 1992ஆம் ஆண்டில் கிறீனும் அவருடன் ஆராய்ந்த பெற்றே அம்மையாரும், நிபந்தனைகள் பின்னிய செய்நிரல்களைப் படமாகவும் எழுத்தாகவும் கொடுத்துச் சோதித்தனர். படத்தை விளங்கிக்கொள்ளவே கூடிய நேரம் பிடித்தது. “இவ்வாறாயின் இது, அன்றேல் அது” என்னும் தெரிவுகள் மலிந்த சிந்தனைக்கு எழுத்தே ஏற்றது என்பது இதனாற் பெறப்படும். கணு வரைபில் மீளச் செய்தலும் எளிதன்று. லாப்வியூ அதற்கெனத் தனிக் கட்டமொன்றை வரைந்து, மீளச் செய்ய வேண்டியவற்றை அதனுள் அடைத்தது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு என மாணவர் வினவலாம். நம் பாடசாலைகளிலும் சாதாரண தர வகுப்பிலே பாய்ச்சற் கோட்டுப்படம் கற்பிக்கப்படுகின்றது. செய்நிரலை முன்னர் எழுதி முடித்துவிட்டு, பின்னர் அதற்கேற்பப் படத்தை வரைந்து ஒப்படைக்கும் மாணவரை யாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்களை முற்றாகக் குறைகூறுதற்கில்லை. அனுபவம் மிக்க செய்நிரலாளரும் விரிவான படத்தை முதலில் வரைந்துவிட்டு எழுதத் தொடங்குவதில்லை என்று புறூக்ஸ் 1975இலேயே எழுதியுள்ளார். குறை வேறிடத்தே உள்ளது. சாய்சதுரமும் செவ்வகமும் பிழையின்றி வரைந்த மாணவனுக்கு யாம் புள்ளி வழங்குகின்றோம், “இக்கோடு எதனைச் சுமந்து செல்கின்றது?” என்று அவனைக் கேட்பதில்லை. கேட்டால் அவன் விடையிறுக்கத் தடுமாறுவான். ஆசிரியராகிய யாமும் சிறிது தடுமாறுவோம்.

கோட்டின் பொருளை முதலில் வரையறுத்தவர்களே பயனுள்ள படத்தை ஆக்கினர் என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. கணினிப் படத்துக்கு மாத்திரமன்று, பூகோளப் படத்துக்கும், அரசர் மரபுவழியைக் காட்டும் வரலாற்றுப் படத்துக்கும் இது பொருந்தும். மாணவர்காள்! இனிமேல் ஒரு படத்திற் கோடு இழுக்குமுன் கையைச் சற்று நிறுத்தி, அக்கோட்டின் பொருளை ஒரு வாக்கியத்திற் கூற முடியுமா என்று உம்மையே கேளுங்கள். முடியுமாயின் இழுங்கள், முடியாதாயின் இன்னுஞ் சிறிது சிந்தியுங்கள்.