501-வது யூனிட்

2022 டிசம்பரில் நாவலூரில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோயிருந்தேன். ஓஎம்ஆரின் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கும் பழைய ஊர்ப்பக்கம். கீழே ஹவுஸ் ஓனர், மேலே நான். மாடிப்படியில் ஒரு சப் மீட்டர் தொங்கும். ஓனர் ஒரு காகிதத்துண்டை நீட்டினார். "தம்பி, ரெண்டு மாசத்துக்கு நூத்தி எண்பது யூனிட். எட்டு ரூபான்னு போட்டிருக்கேன். ஆயிரத்து நானூத்தி நாப்பது."

கொடுத்துவிட்டு மேலே வந்து கணக்குப் போட்டேன். அந்த வருடம் செப்டம்பர் 10-ஆம் தேதி முதல் புதிய கட்டணம் அமலில் இருந்தது. முதல் 100 யூனிட் இலவசம். இருநூறுக்குள் முடிந்தால் மிச்சத்துக்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. அதாவது எனக்கென்று தனி இணைப்பு இருந்திருந்தால் 180 யூனிட்டுக்கு என் பில் 180 ரூபாய். நான் கொடுத்தது எட்டு மடங்கு. அன்றிரவு தூக்கம் வரவில்லை. பணம்கூடப் பரவாயில்லை, இரண்டு மாதமாக அவர் வீட்டு ரசத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தேனே என்றுதான் எரிச்சல்.

முதல் சந்தேகம் சப் மீட்டர்மேல். ஞாயிற்றுக்கிழமை மெயினைத் தவிர எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை. பிறகு 2,000 வாட் கீசரை மட்டும் தண்ணீர் சுடுவதற்குள் நிறுத்தி, வாளியில் பிடித்துக் கொட்டி, மொத்தம் அரைமணி நேரம் ஓடவிட்டேன். 2 கிலோவாட், அரைமணி, 1 யூனிட். மீட்டர் ஒன்றுதான் காட்டியது. அடுத்து ஓனரின் வெள்ளை அட்டை. மீட்டர் பெட்டிக்குள் செருகி வைத்திருப்பார்கள், ரீடிங் எடுக்க வருபவர் தேதியும் எண்ணும் எழுதிவிட்டுப் போவார். தேதிகள் இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஒழுங்காகவே இருந்தன. மீட்டர் சரி, அட்டையும் சரி. அப்படியானால் பணம் எங்கே போகிறது? இந்தக் கேள்விதான் என்னை மின்கட்டணத்தின் வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

கரண்ட் பில்லைச் சந்தேகப்படும் பழக்கம் கரண்ட்டோடு கூடப் பிறந்தது. 1882-இல் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்தபோது அவரிடம் நல்ல மீட்டர் இல்லை. பிறகு அவர் கொண்டுவந்தது ஒரு கண்ணாடி ஜாடி: உள்ளே ரசாயனக் கரைசல், அதில் இரண்டு துத்தநாகத் தகடுகள். மின்சாரம் பாயப் பாய ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். கம்பெனி ஆள் வந்து தகடுகளைக் கழற்றி எடுத்துப்போய்த் தராசில் நிறுத்து பில் அனுப்புவார். குளிரில் கரைசல் உறையாதிருக்க உள்ளேயே ஒரு பல்பு எரியும். வீட்டுக்காரர் ஜாடியை உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. எடை போடுவது அங்கே, பணம் கொடுப்பது இங்கே. யார் நம்புவார்கள்? 1880-களின் கடைசியில் அமெரிக்காவில் ஷாலென்பெர்கரும் ஹங்கேரியில் பிளாதியும் செய்த மீட்டர்களின் வழியில்தான், நம் தாத்தா காலத்து வீடுகளில் அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டிருந்த அந்த மீட்டர் வந்தது. அதன் பெரிய நன்மை துல்லியம் மட்டுமில்லை. வீட்டில் இருப்பவரும் எண்ணைப் படிக்கலாம்.

சென்னையில் மின்சாரம் ஒரு தனியார் கம்பெனியின் சரக்காகத்தான் வந்தது. பேசின் பிரிட்ஜில் மின்நிலையம் வைத்திருந்த மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷனை 1947-இல்தான் அரசு எடுத்துக்கொண்டது. விற்பவனும் அளப்பவனும் ஒரே ஆளாக இருந்தால் தகராறு வரும் என்பது வெள்ளைக்காரனுக்கும் தெரிந்திருந்தது. 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் அதற்கென்றே ஒரு பிரிவு வைத்தது, 26. மீட்டர் சரியா தப்பா என்று வழக்கு வந்தால் கம்பெனி முடிவு செய்யக்கூடாது, மின் ஆய்வாளர் முடிவு செய்வார். மீட்டர் தப்பென்றால் அதிகபட்சம் ஆறு மாதக் கணக்கைத்தான் திருத்தலாம். அந்தச் சட்டத்தின் கண்ணில் பில் தகராறு என்றால் மீட்டர் தகராறு. இன்றும் நம்மில் பலருக்கு அப்படித்தான். பில் எகிறினால் முதலில் "மீட்டர் ஓடுதுப்பா" என்கிறோம்.

1957 ஜூலை 1-ஆம் தேதி தமிழ்நாடு மின்சார வாரியம் உருவாகிறது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்கட்டணத்துக்காக நடந்த மிகப்பெரிய சண்டையில் மீட்டரைப் பற்றி யாரும் பேசவே இல்லை. 1970-இல் பம்புசெட் மின்சாரத்தின் விலையை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக அரசு உயர்த்தியது. கோவைப் பகுதி விவசாயிகள் நாராயணசாமி நாயுடு தலைமையில் தெருவுக்கு வந்தார்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். உயர்த்தியதில் ஒரு பைசாவை அரசு குறைத்தது. ஒரு பைசா! 1972-இல் கட்டணம் மறுபடி ஏற, மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தின் தெருக்களையே அடைத்தார்கள். துப்பாக்கிச் சூடுகள் தொடர்ந்தன. பிறகு 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது.

இந்தச் சண்டையைப் படிக்கும்போது எனக்குப் பட்டது ஒன்று. பெருமாநல்லூரில் நின்றவருக்கும் அவிநாசியில் நின்றவருக்கும் எண் ஒன்றுதான். பத்துப் பைசா. கிணறு ஆழமோ இல்லையோ, மோட்டார் பெரிதோ சிறிதோ, யூனிட்டின் விலை எல்லோருக்கும் ஒன்று. அதனால் ஒரே கோஷம் போட முடிந்தது. வீட்டு மின்சாரத்தில் அந்த ஒரே எண் கிடையாது. ஸ்லாப் முறை அதைக் கலைத்துவிட்டது. குறைவாகச் செலவழிப்பவருக்குக் குறைந்த விலை, ஏசி போடுபவருக்கு அதிக விலை என்பது நியாயமான யோசனைதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் நம் ஊரில் அது வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள்.

2017 ஆகஸ்ட் கட்டணப்படி இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் செலவழித்தால் பில் 1,130 ரூபாய். 501 என்றால் 1,786 ரூபாய் 60 காசு. கடைசி ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு. ஏனென்றால் ஐந்நூறைத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட் மட்டும் விலை ஏறாது, 101-இல் தொடங்கி எல்லா யூனிட்டும் வேறு விலைக்கு மாறும். 2 ரூபாயாக இருந்தது 3 ரூபாய் 50 காசு ஆகும், 3 ரூபாயாக இருந்தது 4 ரூபாய் 60 காசு ஆகும். 2022 கட்டண உயர்வை எல்லோரும் திட்டினோம், திட்ட வேண்டியதுதான். ஆனால் இந்தப் பள்ளம் அதில் குறைந்தது. 500-க்கு 1,725, 501-க்கு 1,958. வித்தியாசம் 233. யாரும் இதைக் கொண்டாடியதாக ஞாபகம் இல்லை.

இப்படி ஒரு பள்ளம் இருந்தால், பில்லைத் தீர்மானிப்பது மீட்டர் மட்டும் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எண்ணுகிறோம் என்பதும்தான். ஒரு நாளைக்கு 8 யூனிட் ஆகிற வீடு என்று வையுங்கள். 60 நாளுக்கு ஒருமுறை ரீடிங் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 480 யூனிட், 2022 கட்டணத்தில் 1,605 ரூபாய், இரண்டு பில்லுக்கு 3,210. ரீடிங் எடுப்பவர் ஒருமுறை 64-ஆவது நாள் வந்து, அடுத்த முறை 56 நாளில் வந்தால் 512 யூனிட்டும் 448 யூனிட்டும். 2,046 கூட்டல் 1,413. மொத்தம் 3,459. அதே மின்சாரம், அதே 120 நாள், 249 ரூபாய் கூடுதல். மீட்டரை லேபுக்கு அனுப்பினாலும் இந்த 249 அகப்படாது.

இந்தத் தேதிக் கோளாறு மாநிலம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் நடந்த வருடம் 2020. மார்ச் 25 முதல் ஊரடங்கு. ரீடிங் எடுக்க யாரும் வரவில்லை, முந்தைய பில் தொகையையே மறுபடி கட்டச் சொன்னார்கள். நாவலூர், சிறுசேரிப் பக்கம் ஐடி கம்பெனிகள் காலியாகி, கம்பெனி பில்லில் ஓடிய ஏசியும் கம்ப்யூட்டரும் வீட்டு பில்லுக்கு இடம் மாறின. அதுவும் கோடைக்காலம். ஜூன் மாதம் நான்கு மாதக் கணக்கு மொத்தமாக வந்தபோது ஊரே அலறியது. நடிகர் பிரசன்னா ட்விட்டரில் கேட்க, வாரியம் அதற்கு விளக்க அறிக்கை வெளியிட்டது. ஜூலை 21-இல் திமுகவினர் வீட்டு வாசலில் கறுப்புக்கொடி பிடித்தார்கள்.

வாரியம் செய்தது இது: நான்கு மாத யூனிட்டைச் சரிபாதியாகப் பிரித்து, இரண்டு பாதிக்கும் தனித்தனியாக ஸ்லாப் போட்டு, அதிலிருந்து ஏற்கெனவே கட்டிய ரூபாயைக் கழித்தது. எம்.எல்.ரவி என்பவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ரூபாயைக் கழிக்காதே, அந்த ரூபாய்க்கு உரிய யூனிட்டைக் கழி என்பது அவர் தரப்பு. 2020 ஜூலையில் நீதிமன்றம் வாரியத்தின் விளக்கத்தை ஏற்று மனுவைத் தள்ளுபடி செய்தது.

அப்போது நானும் வாரியத்தைத் திட்டியவன்தான். இரண்டு வருடம் கழித்து மாடிப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் சங்கதி புரிந்தது. முதல் வீடு: மார்ச்–ஏப்ரலில் உண்மையில் 300 யூனிட், மே–ஜூனில் 660. ஒழுங்காக ரீடிங் எடுத்திருந்தால் 530 கூட்டல் 2,836, ஆக 3,366 ரூபாய். சரிபாதி முறையில் 480, 480. இரண்டும் ஐந்நூறுக்குள். மொத்தம் 2,140. இந்த வீட்டுக்கு 1,226 ரூபாய் லாபம். முந்தைய பில்லும் 300 யூனிட்டாக இருந்திருந்தால், மனுதாரர் கேட்ட முறையில் அந்த லாபம் முழுக்கப் போயிருக்கும்! இரண்டாவது வீடு: 460, பிறகு 620. ஒழுங்கான ரீடிங்கில் 3,582. சரிபாதியில் 540, 540. இரண்டும் ஐந்நூறைத் தாண்டிவிட்டன. மொத்தம் 4,088. இந்த வீட்டுக்கு 506 ரூபாய் நஷ்டம்.

ஆக, 'கொள்ளை' என்று கத்திய வீடுகளில் சில உண்மையில் லாபம் பார்த்தவை. நஷ்டப்பட்ட வீடுகளும் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றின் நஷ்டமும் ஒரு தனி எண். அதைப் பத்துப் பைசா மாதிரிப் பதாகையில் எழுத முடியாது. தான் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அந்த வீட்டுக்கு நடுவில் எடுத்திருக்க வேண்டிய ரீடிங் தேவை, அதைத்தான் யாரும் எடுக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் மீட்டர் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? மாதாமாதம் ரீடிங் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்னது. இதை எழுதும்போதும் இரண்டு மாதம்தான்.

சட்டம் கையில் எதையும் தரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவின்படி, பில்லை ஆட்சேபித்துக்கொண்டே கேட்ட தொகையையோ முந்தைய ஆறு மாதச் சராசரியையோ, எது குறைவோ அதைக் கட்டினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக்கூடாது. நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு, அதற்கு மேல் குறைதீர்ப்பாளர் உண்டு. தேதியும் ரீடிங்கும் எழுதிய காகிதத்தோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சரி, என் ஓனர். அவர் பில்லை வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 580 யூனிட், 2,590 ரூபாய். அதில் என்னுடையது 180. நான் இல்லாவிட்டால் அவருடையது 400, அதற்கு 1,125 ரூபாய்தான். நான் மாடியில் இருப்பதால் அவருக்குக் கூடிய செலவு 1,465. என்னிடம் வாங்கியது 1,440. மனுஷன் என்னிடம் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. மாடிக்குத் தனி இணைப்பு இருந்திருந்தால் அவர் 1,125, நான் 180, இரண்டு பேருக்கும் சேர்த்து 1,305. மீதி 1,285 ரூபாய் எங்கள் இரண்டு குடும்பங்களையும் ஒரே மீட்டர் ஒரே குடும்பமாக எண்ணியதற்கான விலை. ஊரடங்கில் மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவே கோடு இல்லாமல் போனது. இங்கே தரைக்கும் மாடிக்கும் நடுவே இல்லை.

காகிதத்தோடு கீழே போனேன். ஐந்தாறு வரிகளாகப் பிரித்து எழுதி வைத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"தனி சர்வீஸ் வாங்கலாம் அங்கிள். தனிக் குடித்தனம்தானே. ரெண்டு பேருக்கும் மிச்சம்."

"அதுக்கு எவ்வளவு அலையணும் தெரியுமா தம்பி? நீ பதினோரு மாசத்துல போயிடுவே." மறுபடி காகிதத்தைப் பார்த்தார். விரல் கடைசி வரியில் நின்றது. "ஆயிரத்து நானூத்தி அறுபத்தஞ்சு. நீ குடுத்தது நாப்பது. அப்போ எனக்கு இருபத்தஞ்சு ரூபா நஷ்டம்னு சொல்றியா?"

"கணக்குப்படி அப்படித்தான் அங்கிள்."

"அப்ப அதைக் குடு."

கொடுத்தேன்.