நாவிதரின் கைம்பெண்ணும் நான்கு மாதச் சிறையும்

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு எதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார்? சபை வரலாற்று நூல்களைத் திறந்தால் ஒரே வரியில் பதில் கிடைக்கும்: உள்ளூர் மக்களை மதம் மாற்றிக் கலகத்துக்கு வித்திட்டார் என்று குற்றம் சாட்டி, தரங்கம்பாடியின் டேனியக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைத்தார்கள். இந்த வரியைப் பல நூல்களில் ஏறக்குறைய இதே சொற்களில் பார்த்துவிட்டேன். ஆண்டை மட்டும் சிலர் 1707 என்கிறார்கள், சிலர் 1708 என்கிறார்கள். ஆண்டு தடுமாறும் இடத்தில் காரணமும் தடுமாறக்கூடும் என்ற ஐயம்தான் என்னைத் தேடவைத்தது.

ஆண்டைப் பிடிப்பது எளிதாகவே இருந்தது. அவருடைய வேலைகளைத் தேதி வரிசையில் எழுதி வைத்துக்கொண்டேன். 1706 ஜூலை 9 அன்று சக மிஷனரி புளுட்சோவுடன் தரங்கம்பாடியில் கரையிறங்குகிறார். வயது 23, மறுநாள் 24. 1707 மே மாதம் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம். ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள். அதே ஆண்டு ஆகஸ்டில் சிறு ஆலயம் ஒன்று பிரதிஷ்டையாகிறது. 1708 ஆகஸ்டுக்குள் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்து, தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியலும் எழுதி முடிக்கிறார். அக்டோபர் 17 அன்று புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்குகிறார். இதுவரை நான்கு மாதம் காணாமல் போகுமளவுக்கு இடைவெளி எங்குமே இல்லை. அந்த இடைவெளி 1708 நவம்பரில் திறந்து 1709 மார்ச்சில் மூடுகிறது. தமிழ் வேதாகமத்தின் முதல் பக்கங்களில் மை காய்ந்து ஒரு மாதம் ஆன நிலையில் அவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

காரணத்தைத் தேடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. தரங்கம்பாடி ஆய்வாளர் எவரும் முதலில் எடுப்பது, 1710 முதல் ஹாலே நகரத்தில் அச்சான மிஷனரி அறிக்கைகளைத்தான். பழைய கோதிக் எழுத்தில் அடர்ந்த பக்கங்கள். அவற்றை எச்சரிக்கையோடு படிக்கவேண்டும். அவை காணிக்கை தருகிறவர்களுக்காக அச்சானவை. ஹாலேயில் அவற்றை வெளியிட்ட ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே கடிதங்களை அப்படியே அச்சுக்குக் கொடுக்கவில்லை. வெட்டினார், கோத்தார், கிறிஸ்தவர்களுக்குள் நடந்த சண்டைகளை மழுங்கடித்தார். ஊழியத்தைக் காப்பாற்றும் நோக்கம்தான், புரிகிறது. ஆனால் அந்தக் கத்தரி வெட்டிய இடத்தில்தான் எனக்கு வேண்டியது இருந்தது.

அங்கே கை கொடுத்தவர் ஆர்னோ லேமன். தமிழ்நாட்டில் மிஷனரியாக வாழ்ந்து ஜெர்மனிக்குத் திரும்பிய அறிஞர் அவர். சீகன்பால்குவின் அச்சேறாத கடிதங்களைத் தொகுத்து 1957இல் கிழக்கு பெர்லினில் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் கடிதங்களையும் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தரப்பையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தபோது, கலகம் என்ற பெரிய சொல்லுக்கு அடியில் இருந்து ஒரு கடன் வழக்கு எழுந்து வந்தது.

தமிழ் நாவிதர் ஒருவர் இறந்துபோகிறார். அவருக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் இடையே கடன் விவகாரம் ஒன்று தீராமல் கிடக்கிறது. அது நாவிதரின் கைம்பெண் தலையில் விழுகிறது. நீதி வழங்க வேண்டிய கோட்டையில் எதிராளிக்குச் செல்வாக்கு. அவள் சீகன்பால்குவிடம் வருகிறாள். அவர் ஒருமுறை பேசிவிட்டு விடவில்லை, திரும்பத் திரும்பத் தலையிடுகிறார். கடைசியில், டேனிய ஆலயத்தில் ஆராதனைக்கு வரும் தளபதி ஹாசியஸின் முன் முழங்காலிட்டு முறையிடும்படி அவளுக்கு யோசனை சொல்கிறார். தன் ஆட்கள் எல்லாரும் பார்க்க, ஆலயத்துக்குள்ளேயே ஒரு நாவிதரின் மனைவி தன்னிடம் நியாயம் கேட்பதை அந்த அதிகாரியால் பொறுக்க முடியவில்லை. மிஷனரிக்கு ஆள் அனுப்பினார். எழுத்தில் அழைப்பாணை வந்தால்தான் வருவேன் என்றார் மிஷனரி. கைது செய்து கொண்டுபோனார்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். சிறை.

ஹாசியஸை வெறும் கொடியவனாக எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. அவர் வணிகக் கம்பெனியின் ஆள். தஞ்சை அரசின் தயவில் நடக்கும் சிறு துறைமுகத்தில் அமைதிதான் அவருக்கு மூலதனம். மிஷனரிகளோ கம்பெனியைக் கேட்காமல் அரசர் நான்காம் பிரெடரிக் நேரடியாக அனுப்பியவர்கள். ஒரே கொடியின் கீழ் இரண்டு எசமானர்கள். போதாததற்கு, டேனியச் சிப்பாய் ஒருவருக்கும் கிறிஸ்தவரல்லாத பெண்ணுக்கும் பிறந்த குழந்தையை எந்தச் சபையில் வளர்ப்பது என்பதிலும் மோதல் இருந்தது. சீகன்பால்குவும் சாந்த சொரூபி அல்ல. பிடிவாதக்காரர், சட்டென்று கோபம் வரும். இதை மறைக்கிற வாழ்க்கை வரலாறுகள் அவருக்கு நன்மை செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவர் எதற்காகப் பிடிவாதம் பிடித்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். அதிகாரியின் கண்ணில் எந்தக் கணக்கிலும் சேராத ஒரு பெண்ணின் நியாயத்துக்காக. சபையில் பாடு அனுபவித்தல் என்று பேசும்போது, விசுவாசிகளை அந்நியர் துன்புறுத்துவதையே நினைக்கப் பழகிவிட்டோம். இங்கே சிறைக்கு அனுப்பியவரும் ஞானஸ்நானம் பெற்றவர், ஒரே சபையின் ஆராதனையில் உட்கார்ந்தவர். அந்தக் கைம்பெண்ணோ, நான் படித்த வரலாறுகளில் கணவரின் தொழிலால் மட்டுமே குறிக்கப்படுகிறாள். இந்த வழக்கின் மையம் அவள் என்பதை எழுத நமக்கு இத்தனை காலம் ஆகியிருக்கக் கூடாது.

சிறையில் என்ன செய்தார்? தொடக்கத்தில் தாளும் மையும் மறுக்கப்பட்டன. பிறகு எப்படியோ கிடைத்திருக்கின்றன, ஏனென்றால் இரண்டு ஜெர்மன் நூல்கள் அங்கே பிறந்தன. ஒன்று கிறிஸ்தவ வாழ்வு கடவுளுக்கு உகந்ததாக இருப்பது பற்றி, மற்றொன்று போதகரின் கடமை பற்றி. அவர் தமிழ் கற்றதும் எழுதியதும் தமிழர்களோடு உட்கார்ந்துதான். ஏடு வாசிப்பவர் இருக்க வேண்டும், எழுத்தர் இருக்க வேண்டும், கேட்டுத் திருத்துகிறவர் இருக்க வேண்டும். பூட்டிய அறையில் இவர்கள் யாருமில்லை. தனியே ஒருவரால் முடிந்ததை எழுதினார்.

1709 மார்ச்சில் விடுதலை. பெரும்பாலான நூல்கள் இங்கே பெருமூச்சு விட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன. எனக்கோ இதற்குப் பிந்தைய ஆண்டுகள்தான் கனமாகத் தெரிகின்றன. ஹாசியஸ் எங்கும் போகவில்லை. 1716 வரை அவரே தளபதி. தன்னைச் சிறையில் போட்டவரைத் தினமும் பார்க்க வேண்டிய சிறு ஊரில் இருந்துகொண்டு, இரண்டே ஆண்டுகளில், 1711 மார்ச் 21 அன்று, சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை முடித்தார். சிறையின் நான்கு மாதத்தைவிட இந்த இரண்டு ஆண்டுகளே பெரிய பொறுமை என்பது என் துணிபு. 1709இல் துணைக்கு வந்த போவிங் அவருடன் முரண்பட்டுத் திரும்பிப் போய்விட்டார். லண்டனிலிருந்து வந்த அச்சு இயந்திரத்தை ரியோ டி ஜெனிரோ அருகே பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி, பிறகே விடுவித்தார்கள். உடன் வந்த அச்சர் யோனாஸ் பிங்க் தரங்கம்பாடியைக் காணாமலே வழியில் இறந்தார். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்து, 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், மறு ஆண்டில் மீதியும் அச்சாயின.

கடைசி அடி கோபன்ஹேகனிலிருந்து வந்தது. மிஷன் குழுவின் செயலாளர் கிறிஸ்டியன் வென்ட், மிஷனரிகள் அப்போஸ்தலரைப் போல ஒன்றுமில்லாதவர்களாய் வாழவேண்டும் என்று கருதியவர். கட்டடங்களும் பள்ளிகளும் வீண் என்று கடுமையாக எழுதினார். கோட்டையின் தளபதியிடமிருந்து வந்ததைத் தாங்கிய மனிதரைத் தம்மை அனுப்பியவர்களின் கடிதம் நொறுக்கியது. ஏற்கெனவே நோயுற்றிருந்த அவர், 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் இறந்தார். முந்தைய ஆண்டு அவர் கட்டிமுடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். உடன் உழைத்த கிரண்ட்லரும் மறு ஆண்டே போய்விட்டார்.

பழைய ஏற்பாட்டின் தமிழாக்கத்தில் அவர் ரூத் ஆகமம் வரை வந்திருந்தார். மாமியாரும் மருமகளுமாக இரண்டு கைம்பெண்களும், ஊர்வாசலில் மூப்பர் முன் தீர்க்கப்படும் ஒரு நில உரிமையும்தான் அதன் கதை. அதற்கு அடுத்த சாமுவேல் ஆகமத்திலிருந்து, அவர் இறந்த அதே ஆண்டில் வந்திறங்கிய பெஞ்சமின் சூல்சே எடுத்துச் சென்றார். 1720களில் பழைய ஏற்பாடு பகுதி பகுதியாகத் தரங்கம்பாடியில் அச்சாகி வெளிவந்தது.